சங்கன் குழியும் சும்மா வரும் ரப்பீஷும்

செவ்வாப்பேட்டையில் கட்டடக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் மூத்த ஒப்பந்தக்காரர் ஒருவர் பேசினார். "நுரை கான்கிரீட் காசுக்குக் காற்றை விற்கிற வேலை. பாத்ரூம் சங்கனுக்கு ரப்பீஷ் போதும், முப்பது வருஷமாக அதைத்தான் போடுகிறேன்" என்றார். கைதட்டல் வேறு. அவர் சொன்னதில் ஒரு வரிகூடக் கணக்குக்கு நிற்காது.

ஓரடி ஆழச் சங்கனில், அதாவது பாத்ரூம் குழாய்களுக்காகத் தாழ்த்தி வார்த்த ஸ்லாப் குழியில், செங்கல் உடைசலும் மண்ணும் கொட்டினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ ஏறும். சிமென்ட் கூழில் நுரை கலந்து செய்யும் நுரை கான்கிரீட், கன மீட்டருக்கு 600 கிலோ அடர்த்தி என்றால், 180 கிலோதான். வீட்டில் ஆளும் பொருளும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்கிறது. குடியிருப்பவரைவிட இரண்டரை மடங்கு குப்பையை அந்த ஸ்லாப் காலமெல்லாம் ஏன் சுமக்க வேண்டும்?

நுரை கான்கிரீட்டுக்குப் பலமில்லையாம். சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன் வலிமை என்றாலே சதுர மீட்டருக்கு 100 டன் தாங்கும். தேவையோ 200 கிலோ. இங்கிலாந்தில் பாத் நகரை ஒட்டிய கூம் டவுனில், வீடுகளுக்கு அடியில் இருந்த பழைய கல் சுரங்கங்களையே 2010க்குள் நுரை கான்கிரீட்டால் நிரப்பி முடித்தார்கள்.

முப்பது வருஷத்தில் தான் கட்டிய வீடுகளின் கீழ்த்தளத்தில் நின்று அவர் நிமிர்ந்து பார்த்திருக்கிறாரா? என் அக்கா வீட்டுக் கூரையில் ஈரம் பூத்தது. மேல் வீட்டுப் பாத்ரூமைத் தோண்டினோம். உடைந்த டைல்ஸ், சிமென்ட் சாக்குக் கிழிசல், ஆணியோடு சென்ட்ரிங் பலகைத் துண்டு. குழாய்க்கு அடியில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. அங்கே எந்தக் கொத்தனாராலும் திமிசு போட முடியாது. நுரை கான்கிரீட் கூழாக ஓடி அந்த இடுக்கை அடைக்கும். ஒழுகலை அது நிறுத்தாது என்பது உண்மை. முதலில் ஸ்லாபுக்கு வாட்டர் ப்ரூஃப் அடித்து, தண்ணீர் கட்டிப் பார்த்தாக வேண்டும்.

மணலுக்குப் பதில் நிலக்கரிச் சாம்பல் சேர்த்தால் அதே அடர்த்தியில் வலிமை கூடும் என்று ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் நம்பியாரும் ராமமூர்த்தியும் 2006லேயே எழுதிவிட்டார்கள். நம் மாவட்டத்து அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றைக் கெடுத்துக் கிடக்கிறது. அந்த ஒப்பந்தக்காரரோ லாரி லாரியாக ரப்பீஷ் தேடுகிறார்.

ஏமாற்றுகிறார்கள் என்று பயமா? 600 என்று சொல்லித் தந்த கலவையை ஒரு லிட்டர் பாத்திரத்தில் பிடித்து மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். பாத்திர எடை போக 600 கிராம் அளவில் வர வேண்டும். 800 கிராம் காட்டினால் நுரை உடைந்திருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். அவருடைய ரப்பீஷுக்கு இப்படி ஒரு சோதனை உண்டா? அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லட்டும்.