ஆயுதத்தில் சாமி பேர் எழுதலாமா?



ஆயுத பூஜை நெருங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருது. சும்மா ஆமா, இல்லைன்னு சொல்லாம, உண்மையில் நடந்த ரெண்டு விஷயத்தை வச்சு என் கருத்தைச் சொல்றேன்.

முதலாவது அமெரிக்காவுல நடந்தது. 2010 ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சி ஒரு செய்தி போட்டது. ட்ரைஜிக்கான்னு ஒரு கம்பெனி, ராணுவத் துப்பாக்கிக்குக் குறி பார்க்கும் கண்ணாடி செய்யுது. பேட்டரி இல்லாமலே உள்ளே வெளிச்சம் தெரியும். அதோட சீரியல் நம்பருக்குப் பின்னாடி சின்னதா 'ஜேஎன்8:12' மாதிரி எழுத்து இருந்தது. பார்த்தா மாடல் நம்பர் மாதிரிதான் இருக்கும். ஆனா அது பைபிள்ல யோவான் 8-ஆம் அதிகாரம், 12-ஆம் வசனம். கம்பெனியை ஆரம்பிச்சவர் பக்தியுள்ள கிறிஸ்தவர். அவர் 2003-ல் விமான விபத்துல இறந்த பிறகும் பழக்கம் தொடர்ந்தது.

இந்தக் கண்ணாடிகள் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போனது. அந்த ஊர்ல இருந்த அமெரிக்க வீரர்கள் மதம் பரப்பக் கூடாதுன்னு அவங்க ராணுவத்திலேயே உத்தரவு இருந்தது. அந்த நாட்டு முஸ்லிம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் இதே கண்ணாடிதான். 'இது சிலுவைப் போர்'னு பிரச்சாரம் பண்றவனுக்கு இதைவிட என்ன வேணும்? அந்தக் கோபம் யார் தலையில விழும்? வசனம் பொறிச்ச கம்பெனிக்காரர் தலையில இல்லை. களத்துல நிக்கிற வீரன் தலையில. சில நாள்லயே கம்பெனி இனி ராணுவச் சாமான்ல பொறிக்க மாட்டோம்னு சொல்லி, இருக்கிறதை எடுக்க 100 செட் கருவியும் இலவசமா தர்றதா அறிவிச்சது.

நான் பேக்டரியில சுப்பர்வைசர். சீரியல் நம்பர்ங்கிறது வாங்குறவனுக்கும் விக்கிறவனுக்கும் உள்ள ஒப்பந்தம். டிராயிங்ல இல்லாத ஒரு எழுத்து இருந்தாலும் க்யூசி ரிஜெக்ட் பண்ணணும். வாங்குறவனுக்குத் தெரியாம ஒண்ணைச் சேர்த்தா, அது சாமி பேரா இருந்தாலும் நேர்மை இல்லை.

இப்ப நம்ம பக்கம் வருவோம். 2019 அக்டோபர் 8, விஜயதசமி. இந்தியப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், பிரான்சில் முதல் ரஃபேல் விமானத்தை வாங்கும்போது அதுமேல ஓம் எழுதி, பூ, தேங்காய் வச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சார். சிலர் கேலி பண்ணாங்க. சிலர் மரபுன்னாங்க. அமெரிக்கக் கதையைக் குறை சொல்ற நாம, இதுக்கும் அதே அளவுகோலைத்தான் வைக்கணும்.

என் பார்வையில ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. ஓம் எல்லார் கண்ணு முன்னாடியும் எழுதினது. துடைச்சா போயிடும். அது அன்றைய வேண்டுதல். மறைச்சுப் பொறிச்சது அப்படி இல்லை. ஆனா அந்த விமானப் படையிலும் முஸ்லிம், சீக்கிய, கிறிஸ்தவப் பிள்ளைகள் இருக்காங்க. விமானம் அவங்களுக்கும் சொந்தம். நாளைக்கு யாராவது ஓமை நிரந்தரமா பொறிக்கணும்னு கேட்டா, நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

'முருகன் கையிலேயே வேல் இருக்கே'ன்னு சிலர் கேட்பாங்க. இருக்கு. அந்த வேல் சூரபத்மனை என்ன பண்ணுச்சுன்னு யோசிங்க. மாமரமா நின்னவனைப் பிளந்து, சேவலாவும் மயிலாவும் ஆக்கி, முருகன் தன்கிட்டயே வச்சுக்கிட்டார். அந்தக் கருணை நம்மால முடியுமா? முடியாதபோது, மனுஷனைக் குறி பார்க்கிற இடத்துல சாமி பேரை எழுதி, சாமியை நம்ம கட்சி ஆக்கக் கூடாது.

ஆயுத பூஜைன்னா கருவிக்கு நன்றி சொல்றது. என் சொந்த டூல் பாக்ஸ், மோட்டார் சைக்கிள், ரெண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். கம்பெனி மிஷின்ல வைக்க மாட்டேன். அடுத்த ஷிப்ட்ல அதை ஓட்டுறவர் பங்களாதேஷ் தம்பி. மிஷினுக்கு மனசுல கும்பிட்டுக்குவேன். சாமிக்குக் கேட்காமலா போயிடும்?

எது நம்முடையதோ, அதுல தாராளமா பொட்டு வைங்க. எது எல்லாருக்கும் பொதுவோ, அங்க பக்தி நம்ம மனசுல இருக்கட்டும். மாற்றுக் கருத்து இருந்தா மரியாதையோட எழுதுங்க, படிக்கிறேன்.

ஓம் சரவணபவ.