கொசுறுத் தோட்டம்

"மல்லித்தழை ரெண்டு கொத்து சேர்த்துப் போடேன், ஆத்தா!"

"விக்கிற விலையிலே கொசுறு எங்கிட்டுப் போடுறது தாயி? வேணும்னா பத்து ரூவாய்க்குத் தனியா வாங்கிக்கிடுங்க."

மதுரையில் எந்தக் காய்கறிக் கடை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். தக்காளி விலை ஏறினால் நாம் எப்படியோ சமாளித்து விடுகிறோம். 2023-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, புளியைக் கொஞ்சம் கூடக் கரைத்துக் குழம்பை ஒப்பேற்றவில்லையா? ஆனால் கொசுறு நின்று போனால் மட்டும் மனசுக்கு என்னவோ போல் ஆகிவிடுகிறது.

உடனே, "வீட்டிலேயே நாலு செடி போட்டால் என்ன?" என்று தோன்றும். கூடவே, "கொல்லைப்புறத்துக்கு எங்கே போவது?" என்ற பெருமூச்சும் வரும். மாசி வீதிச் சந்துகளில் என்றால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. எல்லிஸ் நகர்ப் பக்கம் என்றால் அடுக்கு வீடு. மொட்டை மாடியில் ஒரு மூலை, அல்லது துணி உலர்த்துகிற பால்கனி, அவ்வளவுதான் நமக்குச் சொந்தமான பூமி.

அது போதும், சகோதரிகளே! ஆனால் கணக்குப் பார்த்து இறங்க வேண்டும்.

ஆடி மாதத்து உற்சாகத்தில் இருபது தொட்டி வாங்கி அடுக்குகிற வீடுகள் உண்டு. சித்திரையில் போய்ப் பார்த்தால் இருபதும் காலியாக இருக்கும். வைகையில் மணல் மட்டுமே தெரிகிற மாதங்களில், குழாயில் வருகிற தண்ணீரைப் பிடித்து வைத்து, வாளி வாளியாக மாடிக்குத் தூக்குகிறவர் யார்? தோட்டம் போடலாம் என்று யோசனை சொன்ன வீட்டுக்காரரா? நாம்தானே! இடுப்பு வலி வந்ததும் தோட்டம் முடிந்து போகிறது.

ஆகையால் தொட்டி வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரை ஒரு வாரம் ஒரு வாளியில் சேர்த்து அளந்து பாருங்கள். நாலு பேர் சாப்பிடுகிற வீட்டில் ஒரு நாளைக்கு ஏழெட்டு லிட்டர் சேர்ந்து விடும். ஓர் அடி அகலமுள்ள தொட்டிக்குக் கடும் வெயில் நாளில் ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வேண்டும். ஆக, ஐந்தாறு தொட்டிதான் நம் கணக்கு. உப்புப் போட்டு அலசிய தண்ணீரையும் சோப்புத் தண்ணீரையும் மட்டும் சேர்க்காதீர்கள்.

தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை 2013-ல் முதலில் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கு வேண்டிய சாமான்களை மானிய விலையில் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அந்தத் திட்டம் நம் மதுரைக்கும் வந்தது. 2021-ல் வந்த புதிய திட்டத்திலும் ஒரு தொகுப்புக்கு ஆறு பைகள்தான். அவற்றை நிரப்ப மண்ணைக் கொடுக்கவில்லை. தென்னை நார்க் கழிவைக் கட்டியாக அழுத்திக் கொடுத்தார்கள். காரணம், கனம். 15 லிட்டர் எண்ணெய் டின் நிறைய ஈர மண்ணை அடைத்தால் ஏறக்குறைய 25 கிலோ ஆகிவிடும். அப்படிப் பத்து டின்களைத் தளத்தின் நடுவில் வைத்தால் கட்டிடத்துக்கு நல்லதல்ல.

எனவே செம்மண் ஒரு பங்கு, நன்றாக ஊறவைத்துப் பிழிந்த நார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு என்று கலந்து கொள்ளுங்கள். செம்மண் மேலூர்ப் பக்கத்து மண்ணாக இருந்தால் சௌகரியம். திருமங்கலத்துக் கரிசல் பருத்திக்கு உசத்திதான். தொட்டிக்குள் அது நனைந்தால் களியாகவும் காய்ந்தால் வெடிப்பாகவும் ஆகி வேரைப் படுத்தும். அடியில் துவாரம் போட்டு அதன் மேல் ஓர் ஓட்டுச் சில்லை வைக்க மறக்க வேண்டாம்.

இனி, ஆறு தொட்டியில் என்ன போடுவது? எல்லோரும் முதலில் ஆசைப்படுவது தக்காளிக்கு. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டு செடித் தக்காளி ஒரு வீட்டுச் சாம்பாருக்குக் காணாது. வெயில் கடுமையானால் பூவும் உதிர்ந்து விடும். தொட்டியில் லாபம் தருபவை, நாம் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் தினந்தோறும் வாங்குகிறவை. வாங்கி வந்த மறுநாளே வாடுகிறவை. அதாவது, கொசுறுச் சாமான்கள்!

ஒரு தொட்டியில் கறிவேப்பிலை. முதல் வருஷம் பறிக்காமல் பொறுத்திருங்கள். ஒன்றில் புதினா, இலையை ஆய்ந்த பின் மிஞ்சும் காம்பை அரை நிழலில் ஊன்றினாலே தழைத்து விடும். ஒன்றில் மிளகாய். ஒன்றில் கொத்தமல்லி, தனியாவை இரண்டாக உடைத்து, புரட்டாசிக்கு மேல் விதைத்தால் நாற்பது நாளில் கிள்ளலாம். கோடையில் அது சீக்கிரம் பூத்து விடும்; அந்த மாதங்களில் அந்தத் தொட்டிக்கும் கீரைதான். ஐந்தாவது அகலத் தொட்டியில் அரைக்கீரை. அரையடி ஆழம் போதும். வேரோடு பிடுங்காமல் அறுத்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும்.

ஆறாவது தொட்டி, ஆசைக்கு. ஒத்தக்கடைப் பக்கம், யானைமலை அடிவாரத்தில் 1965-ல் ஏற்பட்ட வேளாண்மைக் கல்லூரி இருக்கிறதல்லவா? கள்ளம்பட்டிக் கத்தரி என்ற நம் பக்கத்து ரகத்திலிருந்து அங்கே தேர்ந்தெடுத்ததுதான் எம்.டி.யு. 1 கத்தரி. ஆடிப் பட்டத்தில் நாற்று விட்டு, தொட்டிக்கு ஒரே செடியாக வையுங்கள்.

பங்குனி, சித்திரையில் தொட்டியைத் தளத்தின் மேல் நேரே வைக்காதீர்கள். தளத்துச் சூடு வேரை வேக வைத்து விடும். இரண்டு செங்கல் மேல் ஏற்றி, உச்சி வேளைக்கு ஒரு பழைய வெள்ளை வேட்டியைப் பந்தலாகக் கட்டுங்கள். சருகை மேலே பரப்பினால் ஈரம் நிற்கும். தண்ணீர் விடுவது காலையில் வெயில் ஏறுமுன். விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். வெயிலுக்குப் பயந்து தண்ணீரைக் கொட்டிக் கொட்டி அழுக வைத்த செடிகளும் கொஞ்சமல்ல! தொட்டியின் அடியில் தட்டு வைத்துத் தண்ணீரைத் தேங்க விடாதீர்கள். டெங்குக் கொசுவுக்கு அந்த அளவு தண்ணீர் தாராளம். மாவுப் பூச்சி வந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து சாயங்கால வேளையில் தெளியுங்கள்.

இதனால் மாதச் செலவு பாதியாகக் குறைந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். காய்க்காரியிடம் போகத்தான் வேண்டும். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு ரசம் தாளிக்கும்போது கறிவேப்பிலை இல்லையே என்று பையனைக் கடைக்கு விரட்ட வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா, "ரெண்டு இணுக்குப் புதினா இருக்குமா?" என்று கேட்டு வந்தால் மாடிக்குப் போய்ப் பறித்துக் கொடுக்கலாம். இத்தனை நாள் கொசுறு கேட்டே பழகிய நமக்கு, கொடுப்பதிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று அப்போது தெரியும்.

நாளைக்கு அரிசி கழுவும்போது அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் வாளியில் பிடித்து வையுங்கள். அதுதான் ஆரம்பம்.