ஏர்போர்ட் பேரைச் சொல்லி ஏறும் மனை விலை! ஓசூரில் குடியிருக்க வீடு எங்கே?

ஓசூரில் எந்த டீக்கடையில் நின்றாலும் இப்போது ஒரே பேச்சுதான். "ஏர்போர்ட் வருது சார். இப்பவே ஒரு 30க்கு 40 மனை போட்டு வெச்சுக்குங்க!"

ஏர்போர்ட் வரட்டும், யார் வேண்டாம் என்றது? வருவதற்கு முன்னாலேயே அதன் விலையை மனை மேல் ஏற்றி விற்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்!

2024 ஜூன் 27-ந் தேதி சட்டசபையில் அப்போதைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் இதை அறிவித்தார். 2 ஆயிரம் ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள் என்றார். அறிவிப்பு நிஜம்தான். ஆனால் பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிதாக சர்வதேச விமான நிலையம் வரக்கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கிறது. பெங்களூரில் இருந்து ஓசூர் 40 கிலோமீட்டர்! இதை எந்தப் புரோக்கராவது நோட்டீசில் போடுவாரா?

மெட்ரோ கதையும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை வந்தது. ஓசூர் மனைக்காரர்கள் ரெயிலையே வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

இப்படி விற்ற மனைகளில் பாதிக்கு மேல் என்ன ஆனது என்று பாகலூர் ரோடு, தளி ரோடு பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். கல் நட்டதோடு சரி. பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறது. வாங்கியவர்களில் பெரிய பணக்காரர்கள் மட்டும் இல்லை. சீட்டு எடுத்து, நகையை வைத்து, பி.எப். பணத்தைப் போட்டவர்களும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை.

ஒரு ரூமுக்கு நாலு பேர்

1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக வந்தன. இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலா. 2019-ல் ஊர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனால் ஷிப்டு முடிந்து வருகிறவன் எங்கே படுப்பான்? ஒரு ரூமுக்கு நாலு பேர். குடும்பஸ்தன் வீடு கேட்டால், "பத்து மாச அட்வான்ஸ்" என்று பெங்களூர் வழக்கத்தைக் காட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புது வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. "வேறு விதமாக ஒப்பந்தம் செய்து கொண்டால் ஒழிய" என்று ஒரு வாலையும் ஒட்டிவிட்டார்கள். அந்த வால் வழியாகத்தான் பத்து மாதமும் உள்ளே வருகிறது! அந்த வாலை வெட்டினாலே பாதிப் பேருக்கு மூச்சு வரும்.

இதற்குப் பயந்து சிலர் லீசுக்குப் போகிறார்கள். சில லட்சத்தை மொத்தமாகக் கொடுத்தால் வாடகை கிடையாது. நல்லதுதான். ஆனால் அந்த வீட்டின் மேல் பேங்க் கடன் இருந்து, ஓனர் கட்டாமல் விட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். லீஸ் பணத்துக்கு யார் ஜவாப்? வில்லங்கம் போட்டுப் பார்த்து, பத்திரத்தையும் பதிவு செய்யாமல் காசைக் கொடுக்கவே கூடாது.

மனை வாங்குகிறவர்களுக்கும் இதே கதிதான். 8 மனைக்கு மேல் போட்டாலோ, 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ ரெரா நம்பர் வேண்டும். அங்கீகாரம் இல்லாத புது மனையைப் பதிவு செய்ய 22-ஏ பிரிவு தடுக்கிறது. எல்லாம் சரியாக இருந்தாலும் முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் மனைக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். விற்கிறவர் இதைக் கடைசி நாளில்தான் சொல்லுவார்!

வல்லத்தில் முடிந்தது இங்கே முடியாதா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய் செலவில் 18 ஆயிரத்து 720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் சிப்காட் திறந்தது. கம்பெனிக்கு நிலம் எடுக்கும்போதே தொழிலாளிக்கும் இடம் ஒதுக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஓசூரில் ஒண்டிக்கட்டைகளுக்குக் கட்டில் போட்டால் மட்டும் போதாது. பெண்டாட்டி பிள்ளையோடு வருகிறவனும் இருக்கிறான். சிப்காட்டுக்குப் பக்கத்தில் வீட்டு வசதி வாரியம் விற்பனைக்கு இல்லாமல் வாடகைக்கே வீடு கட்டட்டும். ஏர்போர்ட்டுக்கு 2 ஆயிரம் ஏக்கர் தேடும் அதிகாரிகள், அதில் ஒரு நூறு ஏக்கரை இதற்கும் சேர்த்துத் தேடலாமே!