ஒழுங்குபடுத்தல் என்னும் சொல் இழந்த பொருள்

விளம்பரப் பலகைகளுக்கான விதிகளைத் தளர்த்த முனையும் அரசுகள் அச்செயலுக்கு ‘ஒழுங்குபடுத்தல்’ என்றே பெயர் சூட்டுகின்றன. கட்டுப்பாட்டைக் குறித்த சொல், கட்டணம் பெற்று அனுமதிப்பதைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. உயர் நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பின் பெங்களூரு மாநகராட்சி 2018 ஆகஸ்டில் வணிக விளம்பரப் பலகைகளைத் தடைசெய்தது. பின்னர் வந்த வரைவு விதிகளோ, வருவாயைக் காரணம் காட்டி அத்தடையைக் கரைக்கின்றன.

முறைப்படி அனுமதித்தால் ஆபத்து குறையும் என்கிறார்கள். அப்படியானால் மும்பை காட்கோபருக்கு என்ன விடை? 2024 மே 13 அன்று புழுதிக்காற்றில் பெட்ரோல் நிலையத்தின்மீது சரிந்து 17 உயிர்களைப் பறித்த பலகை, இரவோடிரவாக ஒளித்து நட்டதன்று. அதன் அளவுக்காகவே லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது! மாநகராட்சி விதிப்படி உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. இதுவோ ஏறத்தாழ 120க்கு 120. பரப்பில் ஒன்பது மடங்கு என்பதைப் பள்ளிச் சிறுவனும் கணக்கிடுவான். நிலத்தை வைத்திருந்த ரயில்வே காவல் துறை அனுமதி கொடுத்திருந்தது. தன்னிடம் அனுமதி பெறவில்லை என்றது மாநகராட்சி. அனுமதிக்கு அங்கே பஞ்சமில்லை. அடித்தளம் தாங்குமா என்று பார்க்கத்தான் ஆளில்லை. தளர்த்தும் விதிகள் இவ்விரண்டில் எதைப் பெருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

என் துறையினரோடும் எனக்கொரு வழக்கு உண்டு. பொது இடத்து எழுத்துகளை ‘மொழி நிலக்காட்சி’ என்று ஆராயும் நம்மில் சிலர், விளம்பரப் பலகைகளை நகரத்தின் பன்மொழிப் பிரதி என்று சிலாகிக்கிறார்கள். தரவு கிடைக்கும் மகிழ்ச்சி எனக்கும் புரிகிறது. ஆனால் அப்பிரதியை எழுதும் உரிமை வாடகை கொடுக்க வல்லவருக்கே உண்டு என்பதையும் தரவாகக் கொள்ள வேண்டாமா? 2024 சட்டத் திருத்தத்தின்படி பெங்களூரில் சிறு கடைக்காரரும் தம் பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடத்துக்கு ஒதுக்க வேண்டும். அந்த விதியின் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. எழுத்தின் விகிதத்தை இத்தனை நுணுக்கமாக அளக்கும் அரசுக்கு, தலைக்குமேல் நிற்கும் இரும்புச் சட்டத்தை அளக்கும்போது மட்டும் கை தளர்வதேன்?

இன்னொன்றும் உண்டு. பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் கர்நாடகத்தின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில்தான் இருக்கிறது. கருத்தரங்க அறிவிப்பொன்றை அனுமதியின்றிச் சுவரில் ஒட்டும் மாணவர்மீது இன்றும் அதன்படி வழக்குத் தொடரலாம். அதே சுவர் ஏலத்துக்கு வந்தால் அதற்குப் பெயர் வருவாய்.