எழுதியது 'நோ'... ஓடுவது 'யெஸ்'! உங்கள் சர்வர் கதவு நிஜமாகவே பூட்டியிருக்கிறதா?

வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில், ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று எழுதியே வைத்திருப்பார்கள். ஆனால், எழுதியது ஒன்றாகவும் உள்ளே நடப்பது வேறாகவும் இருந்தால்? 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்த வட்டாரம் மறக்காது. உயிரையும் கம்ப்யூட்டரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும், 'பலகையைப் படித்தால் போதாது, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்' என்ற பாடம் இரண்டுக்கும் பொருந்தும்.

யாருக்கு இந்தப் பிரச்னை?

சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவர் ஒருவர் ஆர்டர் வாங்க இணையதளம் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஓடுவது எங்கோ ஒரு வாடகை சர்வரில். வாடிக்கையாளர்களின் போன் நம்பர், முகவரி எல்லாம் அதில்தான் இருக்கும். தளத்தைச் செய்துகொடுத்த பையன் வீட்டில் இருந்தபடியே அந்த சர்வருக்குள் நுழைந்து வேலை பார்ப்பார். அப்படி நுழையும் வழிக்குப் பெயர் எஸ்.எஸ்.ஹெச்.

1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட்டு இலோனென் உருவாக்கியது இது. பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதுதான் காரணம். அதற்கு முன் புழங்கிய டெல்நெட்டில் பாஸ்வேர்ட் அப்படியே, மறைக்காமல் பயணிக்கும்.

எஸ்.எஸ்.ஹெச் வந்த பிறகு வழியில் ஒட்டுக்கேட்க முடியாது. ஆனால் கதவில் நின்று பாஸ்வேர்டை ஊகிக்கலாமே! இணையத்தில் இருக்கும் எந்த சர்வரையும் தானியங்கி புரோகிராம்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டேதான் இருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பாஸ்வேர்ட் லாகினையே நிறுத்திவிட்டு, டிஜிட்டல் சாவி வைத்திருப்பவரை மட்டும் உள்ளே விடுவார்கள். செட்டிங் ஃபைலில் 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் நோ' என்று ஒரு வரி. முடிந்தது வேலை!

முடியவில்லை... ஏன்?

பெரும்பாலான சர்வர்களில் இருக்கும் ஓபன் எஸ்.எஸ்.ஹெச்சுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே செட்டிங் இரண்டு இடத்தில் இருந்தால், முதலில் படித்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். கடைசியில் எழுதியதுதான் செல்லும் என்று நாம் நினைப்போம். இங்கே தலைகீழ்.

உபுண்டு சர்வர்களில் முக்கிய ஃபைலின் தலைப்பகுதியிலேயே 'அந்த ஃபோல்டரில் இருப்பதையும் படி' என்று ஒரு வரி இருக்கும். பல வாடகை சர்வர்களில், சர்வரைத் தயார் செய்யும் 'கிளவுட் இனிட்' என்ற மென்பொருள் அந்த ஃபோல்டரில் '50' என்று தொடங்கும் ஒரு ஃபைலைப் போட்டு, 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் யெஸ்' என்று எழுதிவைத்துவிடும். முதலில் படிப்பது அதை. கீழே நீங்கள் எழுதிய 'நோ' சும்மா கிடக்கும். எரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது.

மற்ற புரோகிராம்களுக்குள் வைத்துப் பயன்படுத்தும் 'லிப் எஸ்.எஸ்.ஹெச்' என்ற மென்பொருள் நூலகமும், வெளியே இணையும்போது உங்கள் எஸ்.எஸ்.ஹெச் செட்டிங் ஃபைலைப் படிக்கும். ஆனால் அதில் இருக்கும் எல்லா வரிகளும் அதற்குப் புரியாது. புரியாததைத் தாண்டிப் போய்விடும். 2018 அக்டோபரில் இதே நூலகத்தில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. உள்ளே வருபவர், 'என்னைச் சோதித்தாகிவிட்டது' என்று தானே சொன்னால், சர்வர் நம்பி விட்டுவிடும்! அதைச் சரிசெய்தது அப்டேட்தான், செட்டிங் இல்லை.

என்ன செய்யலாம்?

* முதலில் உங்கள் டிஜிட்டல் சாவி வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

* சர்வரிடமே கேளுங்கள். 'சுடோ எஸ்.எஸ்.ஹெச்.டி' என்ற கட்டளையோடு மைனஸ் குறியும், 'டெலிபோன்' என்பதன் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்திலும் சேர்த்தால், நடைமுறையில் இருக்கும் செட்டிங் முழுவதும் வரும்.

* 'யெஸ்' என்று வந்தால், அதே ஃபோல்டரில் '01' என்று தொடங்கும் ஃபைலில் உங்கள் 'நோ'வை எழுதுங்கள். 'கீபோர்ட் இன்டராக்டிவ்' என்ற இன்னொரு வழியிலும் பாஸ்வேர்ட் நுழையலாம். அதற்கும் 'நோ' போடுங்கள்.

* அதே கட்டளையைச் சின்ன எழுத்தில் கொடுத்தால் எழுத்துப்பிழை தெரியும். பிழை இல்லையென்றால் எஸ்.எஸ்.ஹெச்சை ரீஸ்டார்ட் செய்யுங்கள். திறந்திருக்கும் விண்டோவை மட்டும் மூடாதீர்கள். தப்பானால் திரும்ப உள்ளே போக அதுதான் வழி.

* சாவி இல்லாத வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால், கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது.

'எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாதே' என்பவர்களுக்குக் கடைசிப் பாயின்ட் மட்டும் போதும். உங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் 'பூட்டியாச்சா?' என்று கேட்டால், 'ஆச்சு' என்றுதான் பதில் வரும். 'வேற கம்ப்யூட்டர்ல திறந்து காட்டுப்பா' என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.