வேலை செய்யாத எலி



செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தங்கை சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்து உட்கார்ந்ததும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு.

"பெரியவன் சொன்ன வேலையைச் செய்கிறான், அக்கா. சின்னவனுக்கு எந்நேரமும் காகிதமும் பென்சிலும்தான். அடுப்பைப் பார்த்துக்கொள் என்றால், சோறு அடி பிடித்த பிறகுதான் தலையைத் தூக்குகிறான். இவன் உருப்படுவானா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றே யோசித்தேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அவளுக்குச் சொன்ன கதையை முதலில் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பட்டணத்து நூலகத்திலிருந்து என் பேத்தி எடுத்து வந்த ஆங்கிலப் படப் புத்தகம் அது. அவள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். நான் படங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். பெயர் 'பிரெடெரிக்'. எழுதிப் படமும் போட்டவர் லியோ லியோன்னி. 1967-இல் வெளிவந்தது.

ஒரு பழைய கல் சுவர். குடியானவர்கள் விட்டுப் போன இடம், களஞ்சியம் காலி. அந்தச் சுவருக்குள் ஒரு வயல் எலிக் குடும்பம். குளிர்காலம் வரப்போகிறது என்று எலிகள் இரவும் பகலும் சோளம், கோதுமை, கொட்டை, வைக்கோல் என்று சேர்க்கின்றன. ஒன்று மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதுதான் பிரெடெரிக். ஏன் வேலை செய்யவில்லை என்று மற்றவை கேட்டால், நானும் வேலைதான் செய்கிறேன், குளிர்காலத்துக்காக வெயிலைச் சேர்க்கிறேன் என்கிறது. இன்னொரு நாள், நிறங்களைச் சேர்க்கிறேன் என்கிறது. பிறகொரு நாள், சொற்களைச் சேர்க்கிறேன் என்கிறது.

பனி விழுகிறது. ஐந்து எலிகளும் கல்லிடுக்கில் ஒடுங்கிக்கொள்கின்றன. முதலில் தின்ன நிறைய இருக்கிறது; கதை பேசிச் சிரிக்கின்றன. நாளாக நாளாகச் சேர்த்ததெல்லாம் குறைந்துபோகிறது. குளிர் வாட்டுகிறது, பேசக்கூட மனம் இல்லை. அப்போதுதான் பிரெடெரிக் சேர்த்தது அவற்றின் நினைவுக்கு வருகிறது. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு அது வெயிலைப் பற்றிப் பேசுகிறது. கேட்டவர்களுக்கு உடம்பில் சூடு ஏறுகிறது. பூக்களின் நிறங்களைச் சொல்கிறது. மனத்துக்குள் நிறம் தெரிகிறது. கடைசியில் தானே கட்டிய பாட்டைச் சொல்கிறது. மற்றவை கைதட்டி, நீ ஒரு கவிஞன் என்று பாராட்டுகின்றன.

கதையைக் கேட்டதும் அந்தத் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? "மற்ற நாலும் சேர்த்ததைத்தானே அக்கா அதுவும் தின்றது? பாட்டு வயிற்றை நிரப்புமா?"

நியாயமான கேள்வி. பெரட்டுக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம்.

என் சிறு வயதில் எங்கள் லயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பால்வெட்டில் அவர் கெட்டிக்காரர் அல்லர். மரத்தைக் காயப்படுத்துகிறார் என்று மண்டோரிடம் திட்டு வாங்காத நாள் குறைவு. ஆனால் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை ராகம் போட்டு வாசிப்பார். மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் இறங்காமல் வழிந்து வீணாகும். வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. கடைக் கணக்கு ஏறும். வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். அந்த இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு அவர் நல்லதங்காள் கதை வாசிப்பார். லயமே கூடிவிடும். பெண்கள் அழுவார்கள். அழுது முடித்து வீட்டுக்குப் போகும்போது மனப்பாரம் குறைந்திருக்கும். ஒரு வீட்டிலிருந்து அவருக்கு மரவள்ளிக்கிழங்கு போகும். இன்னொரு வீட்டிலிருந்து கருவாடு போகும். யாரும் அதைத் தர்மம் என்று நினைத்ததில்லை.

பாட்டு சோறாகாது என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் சோறு குறைந்த நாளில் ஒருவரையொருவர் கடித்துக்கொள்ளாமல் இருக்க மனிதருக்கு வேறொன்றும் வேண்டியிருக்கிறது.

அந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப்பட்டவை மற்ற நான்கு எலிகள்தான். ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டன, குறைப்பட்டும் கேட்டன. ஆனால் பிரெடெரிக்கைத் துரத்தவில்லை, பங்கில் குறை வைக்கவும் இல்லை. அவை அப்படி நடந்துகொள்ளாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டைக் கேட்க யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

எழுதியவரைப் பற்றியும் விசாரித்தேன். 1910-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் பத்திரிகைக் கலைப் பிரிவில் பொறுப்பில் இருந்தவர். படப் புத்தகம் பக்கம் வந்தபோது ஐம்பதை நெருங்கிவிட்டார். ரயிலில் பேரப்பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. கையிலிருந்த பத்திரிகையைக் கிழித்து, நீலத்தில் ஒரு வட்டம், மஞ்சளில் ஒரு வட்டம் செய்து கதை சொல்லி அமர்த்தினாராம். அதுவே 1959-இல் அவருடைய முதல் புத்தகமானது. பிரெடெரிக் எலியும் இப்படிக் காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்ததுதான்.

இனி, எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டேனே, அந்த விஷயம்.

என் இரண்டாவது மகனுக்கு அப்போது பத்து வயது. கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் படம் போட்டு வைத்திருப்பான். கோயில் தேர், லோரி, பால் வாளி தூக்கிப் போகும் நான். ஒருநாள் கணக்கில் முழுக்கச் சிவப்புக் கோடு வாங்கி வந்தான். வெட்டுக்காட்டிலிருந்து களைத்து வந்த ஆத்திரம் எனக்கு. நோட்டை இரண்டாகக் கிழித்து அடுப்பில் வைத்தேன். அவன் அழவில்லை. எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்று அவன் லோரி ஓட்டுகிறான். மாதம் தவறாமல் என் செலவுக்குப் பணம் தருகிற நல்ல பிள்ளை. போன பள்ளி விடுமுறையில் அவன் மகள் காகிதத்தை நீட்டி, "அப்பா, ஒரு யானை போட்டுக் கொடுங்க" என்றாள். "அப்பாவுக்குப் படம் போட வராதும்மா" என்றான். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பிரெடெரிக் கதையைப் படித்துச் சொன்னவளும் அந்தப் பேத்திதான்.

தங்கையிடம் இதையும் மறைக்காமல் சொன்னேன். சோறு அடி பிடித்தால் பிள்ளையைக் கண்டிக்கத்தான் வேண்டும். வீட்டு வேலை எல்லாப் பிள்ளைக்கும் பொது. ஆனால் அவன் காகிதத்தின் மேல் கை வைக்காதே என்றேன். வண்ணப் பென்சில் வாங்கக் காசு இல்லாவிட்டால் பழைய பத்திரிகையும் ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கையும் போதும். 'இது என்ன கிறுக்கல்?' என்று கேட்காமல், 'இதில் என்ன நடக்கிறது, சொல்லு' என்று கேட்டால் பிள்ளை வாய் திறக்கும்.

அடுத்த விடுமுறைக்கு மகன் வரும்போது மேசைமேல் மூன்று பேருக்குக் காகிதம் வைக்கப்போகிறேன். அவன் பென்சிலைத் தொடுவானா, தெரியாது. அந்த நோட்டைப் பற்றி நான்தான் முதலில் பேசவேண்டும்.