விதியை மறைத்தவருக்கும் பரிசு உண்டா?

இராயபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஒரு விளையாட்டு நடக்கும். நடத்துபவர் ஒரு விதியை மனத்துக்குள் வைத்திருப்பார். பிள்ளைகள் வண்ண அட்டைகளை அடுக்க அடுக்க, 'சரி', 'தவறு' என்று மட்டுமே சொல்வார். விதியைக் கண்டறிந்தவருக்குப் பரிசு. நடத்துபவருக்கோ ஒன்றுமில்லை. “சேவைக்கு எதற்குக் கூலி?” என்கின்றனர் பெரியவர்கள். சென்ற ஆண்டு நடத்திய சகோதரி இவ்வாண்டு வரவில்லை.

இராபர்ட் அபட் 1956-இல் உருவாக்கிய 'எலூசிஸ்' ஆட்டத்தில், விதியை வகுப்பவரின் மதிப்பெண் ஆடுவோரின் மதிப்பெண்ணைச் சார்ந்தே அமையும். ஆகவே, எவருக்கும் பிடிபடாத விதியை வகுப்பதில் அவருக்கு ஆதாயம் குறைவு. நியாயமான ஏற்பாடு இது.

இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் எதுவென நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வினவியதை புகாரியில் காண்கிறோம். பேரீச்ச மரமே விடை. அதை உணர்ந்திருந்தும், அவையில் இளையவரான இப்னு உமர் (ரலி) நாணத்தால் பேசவில்லை. அத்தகைய இப்னு உமர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள்.

ஆகவே, நடத்துபவருக்கும் பரிசு கொடுப்போம். விதியின் கடினத்துக்காக அன்று, தயங்கும் பிள்ளையைப் பேச வைத்ததற்காக. நற்கூலி அல்லாஹ்விடம் உண்டு என்பது உண்மை. நாம் நன்றி மறப்பதற்கு அது சாக்காகிவிடக் கூடாது.